சமையல் நிகழ்ச்சி என்றால் 'ஃபுட்' தானா? பாட்காஸ்ட்டுக்கு வகை தேர்ந்தெடுப்பது பற்றி

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியும். கொங்குப் பகுதியில் ஊர் ஊராகப் போய் வயதான பெண்களைச் சந்தித்து, அவர்கள் சமைக்கச் சமைக்கப் பேச்சுக் கொடுத்து அதைப் பதிவு செய்கிறீர்கள். நீங்களும் உங்கள் அக்காவும் சேர்ந்து நடத்தும் அந்தத் தமிழ் பாட்காஸ்ட்டில் இதுவரை 14 எபிசோடுகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் 40, 50 பேர் கேட்கிறார்கள், அதிலும் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். வகை கேட்கும் இடத்தில் 'ஆர்ட்ஸ்', அதன் கீழே 'ஃபுட்' என்று போட்டிருக்கிறீர்கள். அக்கா 'ஹிஸ்டரி' என்கிறார். நண்பர் ஒருவர் 'ஹெல்த் அண்ட் ஃபிட்னஸ்' போட்டால்தான் ஆள் வரும் என்கிறார். எதைப் போட்டால் முன்பின் தெரியாதவர்கள் கண்ணில் படுவோம் என்பது உங்கள் கேள்வி.

'சொசைட்டி அண்ட் கல்ச்சர்', அதன் கீழே 'டாக்குமெண்டரி' என்று மாற்றுங்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய மூன்று எபிசோடுகளையும் கேட்டேன். சந்தகை எபிசோடை இரண்டு தடவை கேட்டேன். மாவு வெந்து இறங்கியதும் சூடு ஆறுவதற்குள் மர அச்சில் வைத்துப் பிழிய வேண்டும் என்று அந்த அம்மா அவசரப்படுகிறார். அச்சு கிறீச்சிடுகிறது. உங்கள் அக்கா கைகொடுத்து அமுக்குகிறார். அப்போது அந்த அம்மா சொல்கிறார்: "நானும் எங்க நாத்தனாவும் சேந்துதானுங்க அமுக்குவோம். அவ போனதுக்கப்பறம் ரெண்டு வருசம் சந்தகையே புழியலீங்க." அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அச்சின் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த இடத்தை வெட்டாமல் விட்டீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம்.

இந்த எபிசோடைக் கேட்டு முடித்தவருக்குச் சந்தகைக்கு அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது நினைவில் இருக்காது. அந்த நாத்தனார் நினைவில் இருப்பார். அப்படியானால் இது எந்த வகை நிகழ்ச்சி?

வகைப்படுத்துவதில் தமிழுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஐந்து திணைகளைப் பிரித்தவர்கள் ஒவ்வொரு திணைக்கும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றை வைத்தார்கள். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், மரம், பறவை, விலங்கு, தொழில் எல்லாம் கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற மனநிலைகள் உரி. தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்துக்கு அடுத்ததாகவே உணவைச் சொல்கிறது. இன்னோர் இடத்தில், உரிப்பொருள் அல்லாதவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்றும் இடம் கொடுக்கிறது. குறிஞ்சிப் பாட்டில் வேறு நிலத்துப் பூ வந்தால் குடி முழுகாது, பாட்டு எந்தத் திணை என்பதை அதன் மனநிலை பார்த்துக்கொள்ளும்.

பாட்காஸ்ட் வகை விஷயத்தில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு இதுதான். உங்கள் நிகழ்ச்சியில் சமையல் கருப்பொருள். இழந்தவர்களையும் மாறிப்போன வீடுகளையும் நினைத்துப் பேசுவது உரிப்பொருள். கொங்கு மண்ணில் நின்றுகொண்டு நெய்தலின் இரங்கலைப் பதிவு செய்திருக்கிறீர்கள். கேட்பவர் எதற்காக வந்து உட்காருகிறாரோ அதை வைத்து வகையை முடிவு செய்யுங்கள். நிகழ்ச்சியில் என்னென்ன பொருள்கள் வருகின்றன என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் பார்த்தவரை தவறான அலமாரியில் கிடக்கும் தமிழ் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை கருப்பொருளைப் பார்த்து வகை போட்டவைதான்.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எவ்வளவு மதிக்க வேண்டும் என்பதும் புரியும். 2005 ஜூன் 28-ல் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளின் 4.9 பதிப்பில் பாட்காஸ்ட்டுகளைச் சேர்த்தது. இரண்டே நாளில் சந்தாக்கள் 10 லட்சத்தைத் தாண்டின. நிகழ்ச்சியின் விவரங்களையும் எபிசோடுகளையும் செயலிகளுக்கு எடுத்துச் செல்லும் கோப்புக்கு ஆர்எஸ்எஸ் ஓடை என்று பெயர். அதில் இன்ன வகை என்று குறிக்க ஆப்பிள் ஓர் ஒட்டுச்சீட்டை வகுத்தது. மற்ற செயலிகளும், நாம் ஒலிக்கோப்புகளை ஏற்றி வைக்கும் ஹோஸ்டிங் தளங்களும் அதையே எடுத்துக்கொண்டன. அதனால் நீங்கள் எந்தத் தளத்தில் நிகழ்ச்சியை ஏற்றினாலும் கண்ணில் படுவது பெரும்பாலும் ஆப்பிளின் பட்டியல்தான்.

2019-ல் அதைப் பெரிய அளவில் திருத்தினார்கள். 16 ஆக இருந்த முதன்மை வகைகள் 19 ஆயின. அதுவரை 'சொசைட்டி அண்ட் கல்ச்சர்' நிழலில் இருந்த 'ஹிஸ்டரி' தனிக்குடித்தனம் போயிற்று. 'ஃபிக்‌ஷன்', 'ட்ரூ க்ரைம்' இரண்டும் தனி வகைகளாக வந்தன. 'ஆர்ட்ஸ்' கீழே 'லிட்டரேச்சர்' என்று இருந்தது 'புக்ஸ்' என்று மாறியது. இன்றும் 'ஹிஸ்டரி', 'டெக்னாலஜி', 'ட்ரூ க்ரைம்', 'கவர்ன்மெண்ட்' ஆகிய நான்குக்கும் உட்பிரிவு கிடையாது. மற்றவற்றுக்கு உண்டு. அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்துச் செய்த பட்டியல் என்பதும் பார்த்தாலே தெரியும். விளையாட்டில் பேஸ்பாலுக்கும் மல்யுத்தத்துக்கும் இடம் இருக்கிறது, கபடிக்கு இல்லை. 'ஃபுட்பால்' என்று அதில் இருப்பது அமெரிக்கக் கால்பந்து. நம்முடைய கால்பந்துக்கு 'சாக்கர்' என்று தனியாக இருக்கிறது. மெஸ்ஸியைப் பற்றிப் பேசும் தமிழ் நிகழ்ச்சி ஒன்று 'ஃபுட்பால்' கீழே அநாதையாகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். விவசாயத்துக்கும் இடம் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடம். பல ஹோஸ்டிங் தளங்கள் இரண்டு மூன்று வகைகளைத் தேர்ந்தெடுக்க விடும். உடனே 'ஃபுட்', 'ஹிஸ்டரி', 'ஹெல்த்' கீழே உள்ள 'நியூட்ரிஷன்' மூன்றையும் போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். ஆர்எஸ்எஸ் ஓடையில் எத்தனை வகை இருந்தாலும் முதலாவதாக இருக்கும் வகையையும் அதன் உட்பிரிவையும் மட்டுமே எடுத்துக்கொள்வதாக ஆப்பிள் தன் வழிகாட்டியில் சொல்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் வேறு செயலிகளுக்கு உதவலாம், அதனால் போட்டு வைப்பதில் தப்பில்லை. ஆனால் முதல் இடத்தில் இருப்பதுதான் உங்கள் வீட்டு முகவரி. உட்பிரிவு இருக்கும் வகையில் அதை நிரப்பாமல் விடாதீர்கள். உட்பிரிவில் இருப்பவர் அதன் தரவரிசைக்கும் தாய் வகையின் தரவரிசைக்கும் தகுதி பெறுகிறார், வெறும் தாய் வகையில் நிற்பவருக்கு ஒரு கதவுதான்.

நண்பர் சொன்ன 'ஹெல்த்' யோசனைக்கு வருகிறேன். அவருக்கு அது ஏன் தோன்றியது என்று புரிகிறது. கொள்ளு எபிசோடில் அந்தப் பாட்டி "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு" என்று அழகாகச் சொல்கிறார். அதைக் கேட்டதும் 'நியூட்ரிஷன்' என்று பட்டிருக்கும். அந்த அலமாரியில் கை வைப்பவர் யார் என்று பாருங்கள். சர்க்கரை அளவு கூடிவிட்டது, எடை குறைக்க மருத்துவர் சொல்லிவிட்டார், என்ன சாப்பிடலாம் என்று தேடி வருகிறவர். அவருக்குத் தேவை மருத்துவரோ உணவியல் வல்லுநரோ சொல்லும் தெளிவான விடை. உங்கள் எபிசோடில் முதல் 6 நிமிடம் அந்தப் பாட்டி கிணறு வெட்டிய கதை சொல்கிறார். அது எனக்குப் பிடித்த 6 நிமிடம், ஆனால் விடை தேடி வந்தவர் நாலாவது நிமிடத்திலேயே போய்விடுவார்.

அப்படிப் போவது உங்களைத்தான் அடிக்கும். ஆப்பிளின் தரவரிசை மூன்றைக் கணக்கில் எடுக்கிறது: எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை பேர் புதிதாகப் பின்தொடர்கிறார்கள், எபிசோடை எவ்வளவு தூரம் முழுதாகக் கேட்கிறார்கள். நட்சத்திரம் போடுவதும் விமர்சனம் எழுதுவதும் தரவரிசையில் சேராது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே தவறான அலமாரியில் வைத்து 100 பேரை உள்ளே இழுத்து அதில் 90 பேர் பாதியில் இறங்கிப் போனால், இழுத்ததே வீண். உடம்பைப் பற்றிய ஆலோசனை என்ற பெயரில் நிகழ்ச்சியை வைத்தால் அதற்கான பொறுப்பும் வந்து சேரும். பாட்டி வாய்மொழியாகச் சொன்னதை ஒருவர் மருந்து என்று எடுத்துக்கொள்ளும் நிலைமையை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

அக்காவின் 'ஹிஸ்டரி' இதைவிட நியாயமானது. 1960-களில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றது, கம்பும் ராகியும் தினப்படிச் சோறாக இருந்தது, நெல்லுச் சோறு விருந்துக்கு மட்டும் என்று இருந்தது எல்லாம் வரலாறுதான். ஆனால் 'ஹிஸ்டரி' அலமாரியில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒருவர் ஆவணங்களைப் படித்துவிட்டு வந்து போர், அரசர், பேரரசு என்று வரிசையாக விளக்குவார். கேட்பவர் ஆண்டும் காரணமும் எதிர்பார்த்து வருகிறார். உங்கள் பாட்டிமார்கள் ஆண்டு சொல்வதில்லை. "எங்க பெரியவன் பொறந்த வருசம்" என்று சொல்கிறார்கள். அந்த அழகைத் தேடி வருபவர் வேறு ஆள்.

'ஃபுட்' ஏன் வேண்டாம்? இதில் எனக்கே கொஞ்சம் தயக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'ஃபுட்' தவறு என்று சொல்லமாட்டேன். உட்பிரிவு சிறியது, 'சொசைட்டி அண்ட் கல்ச்சர்' அளவுக்கு நெரிசல் இல்லை. உணவு பற்றி ஆசையாகக் கேட்பவர்களில் சிலர் உங்கள் நிகழ்ச்சியில் கரைந்தும் போவார்கள். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஓர் எபிசோடில் அளவு, பக்குவம், அடுப்பு பற்றிய பேச்சை மட்டும் மனதுக்குள் வெட்டி எடுங்கள். மிச்சம் நிற்கிறதா? பிறகு மறுபடி முழு எபிசோடை எடுத்து, வாழ்க்கைக் கதையை வெட்டிச் சமையல் குறிப்பை மட்டும் வையுங்கள். அது நிற்கிறதா? நான் மூன்று எபிசோடிலும் செய்து பார்த்தேன். குறிப்பை எடுத்தால் நிகழ்ச்சி கொஞ்சம் இளைக்கிறது, கதையை எடுத்தால் விழுந்துவிடுகிறது. அதுவும் ஒப்புட்டு எபிசோடில் வெல்லம் எவ்வளவு என்பதையே அந்த அம்மா கடைசிவரை சொல்லவில்லை, "கைக்குத் தெரியும்" என்கிறார். குறிப்பெடுக்கப் பேனாவோடு வந்தவர் ஏமாந்துதான் போவார்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. மக்கள் நிகழ்ச்சிகளைக் கண்டுபிடிப்பது இரண்டு வழியாக. ஒன்று, சொல்லைத் தட்டித் தேடுவது. இன்னொன்று, தேடாமல் அலமாரியை மேய்வது. சந்தகை, ஒப்புட்டு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம் இவற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. வேண்டுகிறவர் பெயரைத் தட்டுவார். அதைப் பிடிக்க வேண்டியது நிகழ்ச்சியின் தலைப்பும் எபிசோடின் தலைப்பும். வயதான பெண்கள் தங்கள் வாழ்க்கையை அவசரமில்லாமல் பேசும் நிகழ்ச்சி வேண்டும் என்று யாரும் தட்டமாட்டார்கள், அந்த ஆசைக்குக் கையில் ஒரு சொல் இல்லை. அந்த ஆசையோடு மேய்கிறவரைப் பிடிக்க வகைதான் உண்டு. ஆகவே பெயர் உள்ளதைத் தலைப்பில் வையுங்கள், பெயர் இல்லாததை வகையிடம் கொடுங்கள். உணவை 'ஃபுட்' வகையிலும் தலைப்பிலும் இரண்டு முறை சொல்லிவிட்டு, நிகழ்ச்சியின் உயிரை எங்கேயும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். 40 பேரோடு நிற்பதற்கு அது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

'பர்சனல் ஜர்னல்ஸ்' என்ற உட்பிரிவும் 'சொசைட்டி அண்ட் கல்ச்சர்' கீழேயே இருக்கிறது. ஒருவர் தன் சொந்த அனுபவத்தைத் தானே பேசும் நிகழ்ச்சிகளுக்கு அது பொருந்தும். நீங்கள் மற்றவர்களைத் தேடிப் போகிறீர்கள், அவர்கள் வீட்டின் ஒலியைப் பதிவு செய்கிறீர்கள், வெட்டி ஒட்டிக் கதையாக்குகிறீர்கள். அதற்கு 'டாக்குமெண்டரி' என்ற பெயர் முழுக்கப் பொருந்துகிறது.

தலைப்பு என்றதும் ஒன்று. உங்கள் எபிசோடுகளுக்கு 'எபிசோடு 7', 'எபிசோடு 8: பகுதி 2' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இதை இன்றே மாற்றுங்கள். 'சந்தகை: நாத்தனார் இல்லாத இரண்டு வருடம்' என்று போட்டால் தேடுபவருக்குச் சந்தகை கிடைக்கும், மேய்பவருக்கு நாத்தனார் கிடைப்பார். நம்மவர்கள் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். நிகழ்ச்சியின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்து, அதே பெயரை ஆங்கில எழுத்திலும் தலைப்பிலோ விவரத்திலோ ஒரு முறை சேருங்கள். ஒரு முறை போதும். சமையல், ரெசிபி, பாட்டி, கோயம்புத்தூர், ஈரோடு என்று தேடுசொற்களைத் தலைப்பில் வரிசையாக அடுக்கினால், தேடலை ஏமாற்றும் முயற்சி என்று ஆப்பிள் நிகழ்ச்சியையே நீக்கலாம். அவர்களுடைய விதியில் அது இருக்கிறது.

வகையைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உங்கள் ஓடையில் இருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய வலி ஒன்று நினைவுக்கு வந்தது. மொழி என்ற இடத்தில் 'இங்கிலீஷ்' என்று இருக்கிறது. நீங்கள் போட்டிருக்கமாட்டீர்கள். பல தளங்களில் புது நிகழ்ச்சி தொடங்கும்போது அது தானாக அப்படி விழும். சில வருடங்களுக்கு முன் சிறிய ரயில் நிலையங்களைப் பற்றி நான் ஒரு தமிழ் நிகழ்ச்சி செய்தேன். ஓய்வுபெற்ற நிலைய அதிகாரிகள், கேட் காவலர்கள், நடைமேடையில் சுண்டல் விற்றவர்கள் எல்லாம் பேசினார்கள். ஹோஸ்டிங் தளம் மொழியை ஆங்கிலம் என்று வைத்திருந்ததை ஒரு வருடம் நான் கவனிக்கவில்லை. தமிழ் நிகழ்ச்சி தேடியவர் எவருக்கும் நான் தமிழ் என்று அந்த ஓடை சொல்லவே இல்லை. வகையும் 'ப்ளேசஸ் அண்ட் ட்ராவல்' என்று போட்டிருந்தேன், ரயில் என்றால் பயணம்தானே என்று. ஊர் சுற்றிப் பார்க்கத் திட்டம் கேட்டு வந்தவர்கள் மூன்றாவது நிமிடத்தில் கழன்றுகொண்டார்கள். அந்தச் சரிவு வரைபடத்தில் அப்படியே தெரிந்தது. இரண்டையும் மாற்றிய பிறகு வந்தவர்கள் குறைவுதான், ஆனால் வந்தவர்கள் கடைசி நிமிடம் வரை இருந்தார்கள், கடிதம் எழுதினார்கள். பேசியவர்களில் இரண்டு பேர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். அந்தக் கடிதங்களை அவர்களிடம் படித்துக்காட்ட முடியவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை. உங்கள் பாட்டிமார்களுக்காகவாவது இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆகவே மொழியில் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். ஓடையில் அது டி-ஏ என்ற இரண்டெழுத்தாக விழ வேண்டும். அதே பக்கத்தில் 'எக்ஸ்ப்ளிசிட்' என்ற கேள்விக்கு (வயது வந்தோருக்கு மட்டுமான பேச்சு உண்டா என்பது) 'இல்லை' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். தெரியாமல் 'ஆம்' என்று விட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் சில நாடுகளில் காட்டப்படுவதே இல்லை.

நாடு என்றதும் இன்னொரு விஷயம். ஆப்பிளின் தரவரிசை மொழிவாரியாக இல்லை, நாட்டுவாரியாக இருக்கிறது. இந்தியப் பட்டியலில் நீங்கள் இந்தி, ஆங்கிலம், மலையாளம் என்று எல்லோரோடும் மோதுகிறீர்கள். சிங்கப்பூர், இலங்கை, மலேசியா பட்டியல்கள் தனித்தனி. அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், மொத்தக் கேட்பவர்கள் இந்தியாவைவிடக் குறைவு. அதனால் சின்ன எண்ணிக்கையிலேயே ஓர் உட்பிரிவில் தலைகாட்ட வாய்ப்பு உண்டு. கோயம்புத்தூரை விட்டுப் போய் 30 வருடம் ஆனவருக்கு அந்த அச்சின் கிறீச்சொலி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பார்க்க ஐபோன் வேண்டாம். 2024 ஆகஸ்டில் இருந்து ஆப்பிள் பாட்காஸ்ட்ஸை எந்த பிரவுசரிலும் திறந்து வகைகளையும் தரவரிசைகளையும் மேயலாம். முகவரியில் இந்தியாவுக்கு ஐ-என் என்று இருக்கும் இடத்தில் எஸ்-ஜி என்று மாற்றினால் சிங்கப்பூர், எல்-கே என்றால் இலங்கை, எம்-ஒய் என்றால் மலேசியா. ஒரு மாலை உட்கார்ந்து 'ஃபுட்', 'டாக்குமெண்டரி' இரண்டிலும் முதல் 20 நிகழ்ச்சிகளைப் பாருங்கள், நாலைந்தில் 5 நிமிடம் கேளுங்கள். எந்த அலமாரியில் உட்கார்ந்தால் உங்கள் பாட்டிகள் அந்நியமாகத் தெரியமாட்டார்கள் என்று காதே சொல்லிவிடும். என் பதிலோடு உங்கள் காது ஒத்துப்போகாவிட்டால் காதை நம்புங்கள்.

ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம் என்பதால், வகையை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஸ்பாட்டிஃபை ஒருவர் முன்பு என்ன கேட்டார் என்பதைப் பார்த்து அடுத்ததை முன்வைக்கிறது. அங்கே வகை ஒரு சின்னக் குறிப்பு, முழுதாகக் கேட்பவர்கள்தான் பெரிய சாட்சி. கூகுள் தன் தனிப் பாட்காஸ்ட் செயலியை 2024-ல் மூடிவிட்டு எல்லோரையும் யூடியூப் மியூசிக் பக்கம் அனுப்பியது. யூடியூபில் பாட்காஸ்ட் என்பது அப்படிக் குறிக்கப்பட்ட ஒரு பிளேலிஸ்ட். அங்கே அட்டைப்படமும் தலைப்பும் பேசும் அளவுக்கு வகை பேசாது. இருந்தாலும் வகையைச் சரியாகப் போட ஒரு முறை பத்து நிமிடம் ஆகும், அதற்குப் பிறகு அது ஓசையில்லாமல் எல்லாச் செயலிகளிலும் உங்களுக்காக வேலை செய்யும்.

கேள்வியின் கடைசியில் உங்கள் நண்பர்கள் நடத்தும் சில நிகழ்ச்சிகளையும் குறிப்பிட்டிருந்தீர்கள். அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடித்தோட்டம் என்றால் 'லெஷர்' கீழே 'ஹோம் அண்ட் கார்டன்' நன்றாகவே பொருந்தும். வயலில் இறங்கி வேலை செய்பவருக்கான விவசாய நிகழ்ச்சியை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள், அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. செய்முறை சொல்வதாக இருந்தால் 'எஜுகேஷன்' கீழே 'ஹவ் டு', விலையும் விற்பனையும் பேசுவதாக இருந்தால் 'பிசினஸ்'. பழைய சிறுகதைகளை வாசித்து, அவற்றைப் பற்றி உரையாடுவதற்கு 'ஆர்ட்ஸ்' கீழே 'புக்ஸ்'. குரல் நடிகர்களை வைத்து நாடகமாக்கினால் 'ஃபிக்‌ஷன்' கீழே 'டிராமா'. குழந்தைகளைத் தூங்கவைக்கும் கதைகளை 'ஸ்டோரீஸ் ஃபார் கிட்ஸ்' தவிர வேறெங்கும் வைக்க வேண்டாம், பெற்றோர் நேராக அங்கேதான் போவார்கள். பிரபந்த உரைக்கு 'ஹிந்துயிசம்' சரி. ஆனால் பாசுரத்தை இலக்கியமாக மட்டும் அணுகுவதாக இருந்தால் 'புக்ஸ்' பக்கம் வரலாம். இங்கும் உரிப்பொருளைத்தான் பார்க்க வேண்டும்: கேட்பவர் கை கூப்பிக் கேட்பாரா, கோடு போட்டுப் படிப்பாரா?

மாற்றினால் இருக்கும் 40 பேரும் போய்விடுவார்களோ என்று பயந்திருந்தீர்கள். போகமாட்டார்கள். பின்தொடர்பவர்கள் ஓடையின் முகவரியோடு கட்டப்பட்டவர்கள், வகையோடு அல்ல. ஹோஸ்டிங் தளத்தில் மாற்றிச் சேமித்தால் வழக்கமாக ஒரு நாளுக்குள் ஆப்பிளில் தெரியும். அதன் பிறகு குறைந்தது மூன்று மாதம் கை வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிப் பார்ப்பவர்களுக்கு எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரிவதில்லை. அந்த மூன்று மாதமும், நிகழ்ச்சி நடத்துபவர்களுக்காக ஆப்பிள் வைத்திருக்கும் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்ட் தளத்தில் உள்நுழைந்து, எபிசோடை எத்தனை சதவீதம் கேட்கிறார்கள் என்ற எண்ணைக் குறித்து வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் படைப்பாளர் பக்கத்திலும் எந்த நிமிடத்தில் ஆட்கள் இறங்குகிறார்கள் என்ற வரைபடம் கிடைக்கும். ஆள் எண்ணிக்கை மெதுவாக ஏறினாலும் அந்தச் சதவீதம் ஏறினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அது இறங்கி, கூடவே "குறிப்பை எழுதிப் போடுங்கள்" என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்தால் வந்திருப்பவர்கள் சமையலுக்காக வந்தவர்கள். அப்போது 'ஃபுட்' பற்றி மறுபடி பேசுவோம்.

வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் மொழி, பிறகு வகை, அதற்குப் பிறகு 14 எபிசோடுகளின் தலைப்பு. தலைப்புகளை ஒரே நாளில் உட்கார்ந்து எழுதாதீர்கள், ஒவ்வொன்றையும் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள். கிணறு வெட்டிய கதை இருக்கும் கொள்ளு எபிசோடுக்குத் தலைப்பு எழுதும்போது கிணற்றை விட்டுவிடாதீர்கள்.